அப்பா படித்த பள்ளிக்கு இன்றைய விலை

ஒரு பிள்ளை, ஒரு வருடம், 22,146 பவுண்டு. பிரிட்டனில் காலையில் போய் மாலையில் வீடு திரும்பும் தனியார் பள்ளி மாணவருக்கு 2025 தொடக்கத்தில் இருந்த சராசரிக் கட்டணம் இது. வருடத்துக்கு மூன்று பருவம், பருவத்துக்கு 7,382 பவுண்டு. பவுண்டை 115 ரூபாய் என்று வைத்தால் ஏறக்குறைய இருபத்தைந்தரை லட்ச ரூபாய். விடுதியில் தங்கிப் படிப்பவருக்கு 2024-லேயே சராசரி 42,459 பவுண்டு ஆகிவிட்டது. ஈட்டன் பள்ளியில் பருவத்துக்கு 17,583 ஆக இருந்தது, 2025 ஜனவரியில் வரியோடு சேர்ந்து ஏறக்குறைய 21,100 ஆனது. மூன்று பருவத்துக்குக் கூட்டினால் ஏறக்குறைய 63,300 பவுண்டு.

இந்த மாதிரிப் பள்ளிகளில் படித்து வளர்ந்து, இப்போது நாற்பதைத் தொட்டும் தாண்டியும் நிற்கிற ஒரு தலைமுறை இருக்கிறது. அவர்களில் பலர் தங்கள் பிள்ளைகளை வீட்டுக்குப் பக்கத்து அரசுப் பள்ளியில் சேர்க்கிறார்கள். ஏன் சேர்க்கிறார்கள், அதனால் யாருக்கு என்ன மிச்சம், யாருக்கு என்ன செலவு என்பதை எண்களாகவே எழுதிப் பார்க்க நினைத்தேன். பள்ளிக்கூட விஷயத்தில் உணர்ச்சியோடு பேசுகிறவர்கள் நிறைய. கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் குறைவு.

முதலில் ஒரு பெயர்க் குழப்பம். இங்கிலாந்தில் ‘பப்ளிக் ஸ்கூல்’ என்றால் ஈட்டன், வெஸ்ட்மின்ஸ்டர் போன்ற பழைய தனியார் பள்ளி. அரசுப் பணத்தில், கட்டணம் இல்லாமல் நடப்பது ‘ஸ்டேட் ஸ்கூல்’. அதை இங்கே அரசுப் பள்ளி என்றே எழுதுகிறேன். இங்கிலாந்தில் நூறு பிள்ளைகளில் ஆறேழு பேர்தான் தனியார் பள்ளியில் படிக்கிறார்கள். மற்றவர்கள் எல்லோரும் அரசுப் பள்ளி. தமிழ்நாட்டுக் கண்ணோடு பார்ப்பவர்கள் இந்த விகிதத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டும். அங்கே அரசுப் பள்ளிக்குப் போவது சாதாரணம், தனியார் பள்ளிக்குப் போவதுதான் விதிவிலக்கு.

சம்பளத்தோடு ஒப்பிடுவோம். 2025 ஏப்ரலில் பிரிட்டனில் முழுநேர வேலை பார்ப்பவரின் நடுமட்ட ஆண்டுச் சம்பளம் 39,039 பவுண்டு. அதாவது பாதிப் பேர் இதற்குக் கீழே, பாதிப் பேர் மேலே. வரியும் தேசியக் காப்பீடும் போனால் கையில் நிற்பது சுமார் 31,630. கணவன், மனைவி இருவரும் இப்படிச் சம்பாதித்தால் வீட்டுக்கு வருவது 63,260 பவுண்டு. இரண்டு பிள்ளைகளைத் தனியார் பள்ளியில் சேர்த்தால் கட்டணம் 44,292. வரும் பணத்தில் நூற்றுக்கு எழுபது பள்ளிக்கே போய்விடும். மீதி மாதத்துக்கு 1,580 பவுண்டு. அதில் வீட்டுக்கடன் தவணை, மின்சாரம், மளிகை, பஸ், ரயில் எல்லாம் அடங்க வேண்டும். ஆகாத காரியம்.

கொஞ்சம் மேல்தட்டுக்குப் போவோம். மருத்துவர், வழக்கறிஞர், கணக்காயர் என்று ஐம்பதாயிரத்துக்கு மேல் சம்பாதிப்பவர், அந்த வரம்பைத் தாண்டி ஈட்டும் ஒவ்வொரு பவுண்டிலும் 40 பென்ஸ் வருமான வரியும் 2 பென்ஸ் தேசியக் காப்பீடும் கட்டுகிறார். கையில் நிற்பது 58 பென்ஸ். ஆக, ஒரு பிள்ளையின் 22,146 பவுண்டைக் கட்ட அவர் கூடுதலாகச் சம்பாதிக்க வேண்டியது 38,183 பவுண்டு. மேலே சொன்ன நடுமட்டச் சம்பளத்துக்கு வெறும் 856 பவுண்டுதான் குறைவு. ஒரு பிள்ளையின் படிப்புக்காக ஏறக்குறைய இன்னொரு ஆளின் முழுச் சம்பளத்தை அவர் ஈட்ட வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டு முடித்தபோதுதான் விஷயமே எனக்கு விளங்கியது. கொள்கை, லட்சியம் எல்லாம் இருக்கலாம், இருக்கிறது. ஆனால் பெரும்பாலான வீடுகளில் முடிவை எடுப்பது இந்த 38,183 தான்.

பதினான்கு வருடப் படிப்புக்கு, 2025 சராசரியையே வைத்தால், ஒரு பிள்ளைக்கு 3,10,044 பவுண்டு. (சிறிய வகுப்புகளில் கட்டணம் குறைவு, மேல் வகுப்புகளில் அதிகம். சராசரியை அப்படியே பெருக்கியிருக்கிறேன்.) பிரிட்டனில் ஒரு வீட்டின் சராசரி விலை 2025-இல் சுமார் 2,70,000. ஒரு பிள்ளையின் பள்ளிப் படிப்பு ஒரு வீட்டை விட விலை கூடியதாகிவிட்டது.

அப்பா படித்த காலத்தில் இப்படி இல்லை. ஐ.எஃப்.எஸ். என்ற பெயரால் அறியப்படும் நிதி ஆய்வு நிறுவனம் 2023-இல் வெளியிட்ட கணக்குப்படி, 2003-க்குப் பிறகான இருபது ஆண்டுகளில், விலைவாசி உயர்வைக் கழித்த பிறகும் தனியார் பள்ளிக் கட்டணம் 55 சதவீதம் ஏறியிருக்கிறது. மருத்துவர், ஆசிரியர், அரசு அலுவலர் சம்பளங்கள் இந்த வேகத்தில் ஏறவில்லை. அப்பா பார்த்த அதே வேலையை மகனும் பார்க்கிறான், அப்பா இருந்த அதே தெருவில் இருக்கிறான், அப்பா கட்டிய கட்டணத்தை அவனால் கட்ட முடியவில்லை.

இன்னொரு கூட்டமும் உண்டு. அவர்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். 1980-இல் தாட்சர் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஏழைக் குடும்பத்து, நடுத்தரக் குடும்பத்துக் கெட்டிக்காரப் பிள்ளைகள் தனியார் பள்ளியில் சேர்ந்தால், பெற்றோர் வருமானத்தைப் பொறுத்து, கட்டணத்தின் ஒரு பகுதியையோ முழுவதையுமோ அரசே கட்டும். ‘அசிஸ்டட் பிளேசஸ்’ என்று பெயர். சுமார் 80,000 பிள்ளைகள் இதனால் படித்தார்கள். 1997-இல் பிளேர் அரசு வந்ததும் முதல் வேலைகளில் ஒன்றாக இந்தத் திட்டத்தை நிறுத்தியது. அந்தப் பணத்தைக் கொண்டு, அரசுப் பள்ளிகளில் ஐந்து, ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளின் வகுப்பில் 30 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்ற வாக்குறுதியை நிறைவேற்றப் போவதாகச் சொன்னது. 1998-இல் அந்த 30 என்ற வரம்பு சட்டமானது.

அன்று அரசு கட்டிய கட்டணத்தில் தனியார் பள்ளியில் படித்தவர்களில் கடைசித் தொகுதிக்கு இப்போது நாற்பது வயதுக்குப் பக்கம். அவர்களில் பலர் நன்றாகவே இருக்கிறார்கள், ஆனால் 22,146 பவுண்டு கட்டும் அளவுக்கு இல்லை. அவர்களுக்குக் கிடைத்த உதவி அவர்கள் பிள்ளைகளுக்கு இல்லை. அந்தப் பிள்ளைகள் ஐந்து முதல் ஏழு வயதில் உட்காருவது 30 பேருக்கு மேல் போகாத அரசுப் பள்ளி வகுப்பில். அப்பாவுக்குப் போன பணம், இடம் மாறி, மகளின் வகுப்புக்கு வந்து சேர்ந்திருக்கிறது. 80,000 பேருக்குச் செய்ததை விட, நாடு முழுவதும் உள்ள சின்னப் பிள்ளைகளுக்குச் செய்தது சரியான செலவு என்றே நான் நினைக்கிறேன்.

தனியார் பள்ளிகளிலும் உதவித்தொகை உண்டு. மூன்றில் ஒரு மாணவருக்கு ஏதோ ஒரு தள்ளுபடி கிடைக்கிறது. ஆனால் கட்டணமே இல்லாமல் படிப்பவர் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான்.

இந்த நிலையில்தான் 2025 ஜனவரி 1 முதல் தனியார் பள்ளிக் கட்டணத்தின் மீது 20 சதவீத வாட் வரி வந்தது. அதற்கு முன் கல்விக்கு வாட் விலக்கு இருந்தது. ஏப்ரலில், அறக்கட்டளைகளாக நடக்கும் தனியார் பள்ளிகளுக்கு இருந்த 80 சதவீதக் கட்டட வரிச் சலுகையும் இங்கிலாந்தில் போய்விட்டது. பள்ளிகள் தாங்கள் வாங்கும் பொருட்களுக்குக் கட்டிய வாட்டைத் திரும்பப் பெறலாம் என்பதால் கட்டணம் சராசரியாகப் பத்து சதவீதம்தான் ஏறும் என்று அரசு சொன்னது. தனியார் பள்ளிகளின் கவுன்சில் எடுத்த கணக்கில் ஏறியது 22.6 சதவீதம். 2024-இல் 18,063, 2025-இல் 22,146. ஒரே வருடத்தில் 4,083 பவுண்டு. வாட் மட்டும் சேர்ந்திருந்தால் 21,676-இல் நின்றிருக்கும். மீதி 470 பவுண்டு பள்ளிகள் தாமே ஏற்றியது.

அதனால் எத்தனை பேர் வெளியேறினார்கள்? 2024 ஜனவரியில் இங்கிலாந்துத் தனியார் பள்ளிகளில் சுமார் 5,93,500 பேர். 2025 ஜனவரியில் சுமார் 5,82,500. குறைந்தது 11,000, அதாவது 1.9 சதவீதம். பிள்ளைகளின் மொத்த எண்ணிக்கையே பிறப்பு விகிதம் சரிந்ததால் குறைந்துவரும் காலம் இது என்பதால் இந்த 11,000-ஐயும் வரியின் தலையில் கட்டிவிட முடியாது. நீண்ட கால அளவில் 37,000 பிள்ளைகள் தனியார் பள்ளியை விட்டு விலகுவார்கள் அல்லது சேராமலே இருப்பார்கள், அவர்களில் 35,000 பேர் அரசுப் பள்ளிக்கு வருவார்கள் என்பது அரசின் மதிப்பீடு. இதில் ‘சேராமலே இருப்பார்கள்’ என்பதுதான் முக்கியமான சொல். படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையை நடுவில் பிடுங்கி வேறு பள்ளியில் நடப் பெற்றவர்களுக்கு மனம் வராது. நான்கு வயதில் முதல் வகுப்புக்கு முந்திய வகுப்பில் சேர்க்கும்போதும், பதினொன்றில் மேல்நிலைக்கு மாறும்போதும்தான் இந்த முடிவு நடக்கிறது. தேர்ந்தெடுப்பு என்பது பெரும்பாலும் ஒரு விண்ணப்பத்தை நிரப்பாமல் விடுவதுதான்.

அரசுக்கு வரவு செலவு எப்படி? ஐ.எஃப்.எஸ். கணக்கில் அரசுப் பள்ளி மாணவர் ஒருவருக்கு ஆகும் செலவு ஆண்டுக்குச் சுமார் 8,000 பவுண்டு. 35,000 பேர் வந்தால் 28 கோடி பவுண்டு. வரியில் வருவது 2025-26-இல் 150 கோடி, 2029-30-இல் 170 கோடி என்று கருவூலத்தின் கணிப்பு. அந்தப் பணத்தில் 6,500 ஆசிரியர்களைக் கூடுதலாக எடுப்போம் என்பது அரசின் வாக்கு. 35,000 பேரை ஏற்கெனவே உள்ள சுமார் 84 லட்சம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளோடு சேர்த்தால் ஏற்றம் நூற்றுக்கு அரை கூட இல்லை. தாங்காது என்று எழுந்த கூக்குரலுக்கு இந்த எண்களில் ஆதாரம் இல்லை. ஒரு குறிப்பிட்ட ஊரில், ஒரு குறிப்பிட்ட வகுப்பில் இடம் இல்லாமல் போகலாம். அது அந்த ஊர் உள்ளாட்சிக் கவுன்சில் தீர்க்க வேண்டிய சிக்கல்.

இனி பெற்றவர் பக்கத்து மறுகணக்கு. அரசுப் பள்ளி என்றால் செலவே இல்லை என்பது உண்மையல்ல. மேல்நிலைப் பள்ளிச் சீருடைக்கு ஆண்டுக்குச் சராசரியாக 422 பவுண்டு ஆகிறது என்று சில்ரன்ஸ் சொசைட்டி என்ற தொண்டு நிறுவனம் 2023-இல் சொன்னது. ஏழு வருடத்துக்கு 2,954. டியூஷன் மணிக்கு 40 பவுண்டு, வாரம் ஒரு மணி நேரம், ஆண்டுக்கு 39 வாரம் என்று வைத்துக்கொண்டால் ஏழு வருடத்துக்கு 10,920. பிறகு வீடு. நல்ல பெயர் எடுத்த அரசுப் பள்ளியின் கேட்ச்மென்ட் எனப்படும் சேர்க்கை எல்லைக்குள் வீடு இருந்தால்தான் இடம் கிடைக்கும். மிகச் சிறந்த மேல்நிலைப் பள்ளிகளுக்கு அருகே வீட்டு விலை 6.8 சதவீதம், அதாவது 15,800 பவுண்டு கூடுதல் என்று 2017-இல் கல்வித் துறை கணக்கிட்டது. தொடக்கப் பள்ளி என்றால் 8 சதவீதம், 18,600 பவுண்டு. மேல்நிலைக் கணக்கை மட்டும் கூட்டினால் மூன்றும் சேர்ந்து 29,674. அதே ஏழு வருடம் தனியார் பள்ளியில் 1,55,022. மிச்சம் 1,25,348 பவுண்டு. வீட்டுக்குக் கொடுத்த கூடுதல் பணம் விற்கும்போது திரும்பியும் வந்துவிடும். கட்டணம் திரும்பாது.

மனசாட்சி உறுத்த வேண்டிய இடம் இதுதான். தனியார் பள்ளியில் படித்த பெற்றோர் அரசுப் பள்ளிக்கு வருகிறார்கள் என்றால் எல்லா அரசுப் பள்ளிக்கும் வருவதில்லை. சட்டன் டிரஸ்ட் என்ற கல்வி அறக்கட்டளை 2017-இல் பார்த்தபோது, தேர்ச்சியில் முதல் 500 இடத்தில் இருந்த, நுழைவுத் தேர்வு இல்லாத அரசு மேல்நிலைப் பள்ளிகளில் இலவச மதிய உணவுக்குத் தகுதியான ஏழைப் பிள்ளைகள் 9.4 சதவீதம். நாட்டின் சராசரி 17.2. ஏறக்குறைய பாதி. கட்டணம் என்ற மதில் இல்லாத இடத்தில் வீட்டு விலை மதிலாக நிற்கிறது. 2024-25-இல் இங்கிலாந்தில் இலவச உணவுக்குத் தகுதியான பிள்ளைகள் 25.7 சதவீதம், நாலில் ஒன்று. அந்த நாலாவது பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறதோ, அங்கே இந்தப் பெற்றோர் வந்து சேரும்போதுதான் மாற்றம் நடந்ததாக நான் ஒப்புக்கொள்வேன்.

பெரிய மனிதர்கள் செய்ததும் இதே ரகம்தான். எடின்பரோவின் ஃபெட்டிஸ் பள்ளியில் படித்த டோனி பிளேர் தன் மகன்களை லண்டன் ஆரட்டரி என்ற கத்தோலிக்க அரசுப் பள்ளிக்கு அனுப்பினார். வெஸ்ட்மின்ஸ்டரில் படித்த துணைப் பிரதமர் நிக் கிளெக் 2013-இல் அதே ஆரட்டரியைத் தேர்ந்தார். ஈட்டனில் படித்த டேவிட் கேமரன், பதவியில் இருக்கும்போதே பிள்ளையை அரசு மேல்நிலைப் பள்ளிக்கு அனுப்பிய முதல் கன்சர்வேட்டிவ் பிரதமர் என்ற பெயரை 2015-இல் பெற்றார். 1698-இல் தொடங்கிய கிரே கோட் ஹாஸ்பிடல் என்ற திருச்சபைப் பெண்கள் பள்ளி அது. அவருடைய அமைச்சர் மைக்கேல் கோவும் அதற்கு முந்தைய வருடம் அங்கேதான் மகளைச் சேர்த்தார். இரண்டும் லண்டனில் உள்ள, இடம் கிடைக்க அடித்துப்பிடிக்க வேண்டிய பள்ளிகள். ஆனாலும் அவர்கள் செய்ததைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. கல்வி பட்ஜெட்டில் கையெழுத்துப் போடுகிறவரின் பிள்ளை அந்த பட்ஜெட்டில் நடக்கும் வகுப்பில் உட்கார்ந்தால் வேறு அக்கறை வரும்.

வரவில்லை என்றால் என்ன ஆகும் என்பதற்கும் எண் இருக்கிறது. 2009-10-இல் தனியார் பள்ளிக் கட்டணம், அரசுப் பள்ளியில் ஒரு மாணவருக்கு ஆகும் செலவை விட 40 சதவீதம் அதிகம். 2022-23 விலையில் 3,500 பவுண்டு இடைவெளி. 2022-23-இல் அது 90 சதவீதம், 7,200 பவுண்டு. பதின்மூன்று ஆண்டுகளில் இடைவெளி இரட்டிப்பு. அந்த ஆண்டுகளில் அரசுப் பள்ளிக்கு ஒதுக்கீடு இறுகியபோது முடிவெடுக்கும் இடங்களில் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். 2019 கணக்கில் மூத்த நீதிபதிகளில் 65 சதவீதம், அரசுத் துறைச் செயலர்களில் 59 சதவீதம், நாடாளுமன்ற உறுப்பினர்களில் 29 சதவீதம் பேர் தனியார் பள்ளியில் படித்தவர்கள். 2024 தேர்தலில் உறுப்பினர் விகிதம் 23-ஆக இறங்கியது.

தனியார் பள்ளி வாங்கித் தருவது இன்னும் குறைவில்லை. அங்கே ஒரு ஆசிரியருக்கு ஏறக்குறைய 9 மாணவர், அரசுப் பள்ளியில் 18. இந்த வித்தியாசத்தை மறைத்து எழுதுவது படிப்பவரை ஏமாற்றுவது. ஆனால் முன்பு அது வாங்கித் தந்த ஒன்று மெல்லக் கை நழுவுகிறது. ஆக்ஸ்ஃபோர்டில் சேர்ந்த உள்நாட்டு மாணவர்களில் அரசுப் பள்ளியினர் 2018-இல் 60.5 சதவீதம், 2020-இல் 68.6. பிறகு சற்றுக் குறைந்து 2024-இல் 66.2. கேம்பிரிட்ஜில் 2024-இல் 71. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்கு இது இன்னும் நியாயமான பங்கு இல்லை. என்றாலும், தனியார் கட்டணத்தை ஆக்ஸ்ஃபோர்டு இடத்துக்கு முன்பணம் போல் நினைத்த பெற்றோர் யோசிக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

இதில் தமிழர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. சென்னையிலோ கோவையிலோ மெட்ரிக் பள்ளியில், சி.பி.எஸ்.இ. பள்ளியில் கட்டணம் கட்டிப் படித்து, மருத்துவராகவும் மென்பொருள் பொறியாளராகவும் இங்கிலாந்து போனவர்கள் லண்டனின் ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் கிராய்டனிலும் பிள்ளைகளை அரசுப் பள்ளியில் சேர்க்கிறார்கள். தனியார் பள்ளியில் படித்த பெற்றோர், அரசுப் பள்ளியில் பிள்ளை என்ற அதே நிலைதான். வேலை விசாவில் போனவர் பிள்ளைக்கும் கட்டணம் கிடையாது. இவர்கள் செலவு டியூஷனில் தெரியும். பதினொரு வயதில் கிராமர் பள்ளிக்கான நுழைவுத் தேர்வு, ‘லெவன் பிளஸ்’. இங்கிலாந்தில் இருப்பவை மொத்தம் 163 கிராமர் பள்ளிகள், அவையும் அரசுப் பள்ளிகளே. அதற்காக எட்டு வயதிலேயே வார இறுதி வகுப்பு தொடங்கிவிடுகிறது. 2023 கணக்கில், 11 முதல் 16 வயது வரையிலான பிள்ளைகளில் எப்போதாவது டியூஷன் போனவர் 30 சதவீதம், லண்டனில் மட்டும் 46. 2005-இல் இது 18.

அந்தப் பெற்றோரிடம் சொல்ல எனக்கு ஒன்று இருக்கிறது. டியூஷனுக்குச் செலவிடும் அக்கறையில் ஒரு பங்கை அந்தப் பள்ளிக்கே கொடுங்கள். உள்ளாட்சிக் கவுன்சில் நடத்தும் ஒவ்வொரு பள்ளியின் ஆட்சிக் குழுவிலும் குறைந்தது 2 பேர் பெற்றோர் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும் என்பது விதி. தலைமை ஆசிரியரை நியமிப்பதும், பள்ளியின் பட்ஜெட்டுக்கு ஒப்புதல் தருவதும் அந்தக் குழுதான். இங்கிலாந்து முழுவதும் சுமார் இரண்டரை லட்சம் பேர் இந்தக் குழுக்களில் சம்பளம் இல்லாமல் வேலை செய்கிறார்கள். ஆள் கிடைக்காமல் காலியாகக் கிடக்கும் இடங்களும் உண்டு. பெற்றோர் பிரதிநிதிக்கான தேர்தலில் நிற்கவும் வாக்களிக்கவும் பெரிய படிப்போ பரம்பரையோ தேவையில்லை. பிள்ளை அந்தப் பள்ளியில் படித்தால் போதும். பதவிக்காலம் பொதுவாக 4 ஆண்டு.